சிமெண்டில் குளித்த கோழி

கோழிகளிடம் பேசினால் கேட்குமா என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் எவலினைக் கேட்கலாம். சுங்கை பட்டாணிக்குக் குடிவந்ததிலிருந்து அவள் பேச்சையெல்லாம் கேட்டது அவைதான்.

மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவரை கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரப் பிள்ளைகள் இருந்தார்கள். தோட்டம் கைமாறியதும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இங்கே அப்பா லாரி ஓட்டினார். அம்மா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். பள்ளி விட்டு வந்தால் எவலினுக்குக் கறுப்பி, ராணி, பொட்டு என்ற மூன்று கோழிகள்தான் துணை.

கொஞ்ச நாளாக அவை சரியில்லை. ஓயாமல் உடம்பைக் கொத்திக்கொண்டன. கறுப்பியின் கழுத்தில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது.

அம்மா அதன் இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். "ஐயோ, பேனு! வீட்டுக்குள்ள வந்துரும் லா. வெள்ளிக்கிழமை லீவுக்கு கோலா கெடாவிலேருந்து மோரிஸ் அண்ணன் வர்றாரு. அவர்கிட்ட கொடுத்துரலாம்."

"மாமா வளர்ப்பாராம்மா?"

"மாமா வீட்டுல கோழிக்கு நல்ல மரியாதை" என்றார் அப்பா. அந்த மரியாதை கொல்லையிலா, குழம்புச் சட்டியிலா என்று அவர் சொல்லவில்லை.

எவலினுக்கு அழுகை வந்தது. கோழிகளும் போய்விட்டால் யாரிடம் பேசுவது?

பேன் என்றால் ஷாம்பூ போட வேண்டியதுதானே! புதன்கிழமை மூன்றையும் பிடித்து, அம்மாவின் மல்லிகை ஷாம்பூவைப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கோழிகள் வீட்டைத் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டன. பேன்களுக்கும் மல்லிகை வாசம் பிடித்திருக்க வேண்டும். ஒன்றும் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் எவலின் பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கறுப்பி சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தது. காலால் சிமெண்டைப் பிறாண்டியது. மண்ணை முதுகில் வாரிப் போடுவதுபோல் இறக்கையை அடித்தது. பிறகு எழுந்து நின்று, ஒட்டாத மண்ணை உதறியது.

தோட்டத்து வீட்டில் கோழிகள் பள்ளம் பறித்துப் புரளும். விறகடுப்புச் சாம்பலையும் விடாது. அந்தப் பள்ளத்தில் கால் இடறி அப்பா திட்டுவார். எவலினும் அதை விளையாட்டென்றே நினைத்திருந்தாள். அதுதான் அவற்றின் குளியல்! இங்கேயோ வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே சிமெண்டு.

"இல்லாத மண்ணுல குளிக்கிறியா கறுப்பி?" என்று கேட்டாள். தினமும் சுவரோடு தனியாகப் பூப்பந்து ஆடும் அவளுக்கு அந்தக் கஷ்டம் புரிந்தது.

மண்ணுக்கு எங்கே போவது?

பக்கத்து வீட்டு ஷம்சியா ஆன்ட்டி மீன் சுட்டுப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்பவர். சமையலறையைப் பெரிதாக்கியபோது மிஞ்சிய மணல் அவர் வீட்டுக் கொல்லையில் குவிந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு டின் நிறைய அடுப்புச் சாம்பல். அவர் மகள் ஐனாவுக்கும் எவலின் வயதுதான். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் அவள் போவது மலாய்ப் பள்ளி. இருவரும் பார்த்துக்கொள்வார்கள், பேசியதில்லை.

எவலின் வேலியோரம் போனாள், திரும்பி வந்தாள். மறுபடி போனாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆனால் அந்த வாய் திறக்க வேண்டுமே! கறுப்பியின் கழுத்தைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

"ஆன்ட்டி!"

நினைத்ததைவிடப் பலமாகக் கத்திவிட்டாள். ஷம்சியா ஆன்ட்டி கரண்டியோடு ஓடிவந்தார். பின்னாலேயே ஐனாவும் வந்தாள்.

"என்ன புள்ள? பாம்பா?"

"இல்ல ஆன்ட்டி... கொஞ்சம் சாம்பலும் மணலும் வேணும். கோழி குளிக்கறதுக்கு."

"சாம்பல்ல குளிச்சா அழுக்காயிருமே!" என்றாள் ஐனா.

"கோழிக்கு அதுதான் சோப்பு."

ஷம்சியா ஆன்ட்டி சிரித்துவிட்டார். "அள்ளிக்கோ புள்ள. சூடு இல்லாம ஆறின சாம்பலாப் பார்த்து எடு."

"நான் தூக்கிட்டு வர்றேன் உம்மா" என்று ஐனா டின்னைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்பாவின் பழைய லாரி டயரைப் படுக்கப்போட்டு, காய்ந்த மணலையும் சாம்பலையும் கலந்து கொட்டினார்கள். கோழிகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. கடைசியில் கறுப்பி உள்ளே குதித்தது. புரண்டது. புழுதி பறந்தது. பிறகு காலை நீட்டி, கண்ணை மூடி, அசையாமல் கிடந்தது.

"அலாமாக்! செத்துப் போச்சு லா!" என்று ஐனா அலறினாள்.

கறுப்பி ஒரு கண்ணைத் திறந்து, 'குளிக்கும்போது என்ன சத்தம்?' என்பதுபோல் பார்த்தது.

எவலின் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஐனாவும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

வேலை முடிந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். இந்த வீட்டுக்கு வந்தபின் மகள் சிரித்து அவர் கேட்டதே இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கோழி, சாம்பல் நிறத்தில் இரண்டு பிள்ளைகள்.

அம்மா கைப்பேசியை எடுத்தார். "மோரிஸ் அண்ணே, நாளைக்குச் சாப்பிட வாங்க. கோழியைக் கொண்டு போக வேணாம்."

"ஏன், பேன் போயிருச்சா?"

"அது மெதுவாப் போகும் அண்ணே. கோழி இங்கதான் இருக்கும்."

பின்பக்கம் ராணி டயருக்குள் ஒரு காலை வைத்தது. எவலினும் ஐனாவும் தோளோடு தோள் ஒட்டிக் குந்தி, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.