வரிசையில் காத்திருப்பவை

போனில் வந்த படத்தில் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. காலையில் அவனே சாத்திவிட்டு வந்த கதவு.

குழந்தையின் அறையில் இருக்கும் கேமராவிடம் படம் கேட்டு வாங்க, அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அவன் ஒரு ஆப் எழுதியிருந்தான். அடிக்கடி கேட்டால் கேமரா கம்பெனியின் சர்வர் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும். மறுக்கப்பட்ட கோரிக்கைகளை எல்லாம் அலுவலக சர்வர் வரிசையில் நிறுத்தி, அனுமதி கிடைத்ததும் ஒவ்வொன்றாக அனுப்பும். ஒன்றுகூடத் தொலையாது என்று பக்கத்து சீட்காரனிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

ஆப்பில் படம் கேட்கும் பட்டனை மறுபடி அழுத்தினான். கதவின் விளிம்பில் நான்கு விரல்கள். மனித விரல்களைவிட மிக நீளமானவை.

மனைவியைப் போனில் கூப்பிட்டான்.

"கதவு சாத்தித்தான் இருக்கு. பாப்பா இப்பதான் தூங்குனா, சும்மா சும்மா போன் பண்ணாதீங்க. சைலண்ட்ல போட்டுட்டு நானும் பக்கத்து ரூம்ல படுக்கறேன்."

மேனேஜர் மீட்டிங்குக்கு இழுத்துப் போனார். அது ஒரு மணி நேரம் இழுத்தது. திரும்பி வந்து ஒருமுறை அழுத்திப் பார்த்தபோது அது அறைக்குள் நின்றிருந்தது. உத்தரம் வரை உயரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பு.

பதறிப்போய் அழுத்தினான். 'அளவு மீறிவிட்டது. காத்திருக்கவும்.' அழுத்தினான். காத்திருக்கவும். விடாமல் அழுத்தினான்.

அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு நீண்ட மீட்டிங்கில் அது ஒரே ஓர் எட்டுதான் வைத்திருந்தது. அவன் கேட்டால்தான் நகர்கிறது. கேட்காவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். போனைக் கவிழ்த்து வைத்தான். உயிர் திரும்பி வந்தது.

"என்னப்பா, உன்னுது ஒன்பது வரிசையில நிக்குது?" பக்கத்து சீட்காரன் அவனுடைய கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தான். "அனுமதி வந்துடுச்சு போல. போக ஆரம்பிச்சிடுச்சு."

"நிறுத்துடா!"

"எப்படி நிறுத்தறது? அதுக்கு நீ வழியே வைக்கலையே."

சர்வர் அறைக்கு ஓடினான். பூட்டியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. அடித்தது. எடுக்கவில்லை.

கையில் போன் அதிர்ந்தது. படம். ஓர் எட்டு.

படம். இன்னும் ஓர் எட்டு.

படம். தொட்டில் கம்பியில் விரல்கள்.

படம். குனிகிறது.

படம். மகள் விழித்திருந்தாள். அழவில்லை. அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் செய்வதைப் போலவே, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் இன்னும் நான்கு இருந்தன.