கலக்கி இறைக்காத கிணறு

குசினி மூலையில் இருக்கும் கதிரையை இடத்தை விட்டு அரக்க வேண்டாம் என்றது அந்தக் கொமென்ற். ஜெனீற்றா போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, தான் போட்ட படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். அடுப்புக் கரி பிடித்த சுவர், வெறும் தரை, கிணற்றடிக்குப் போகும் வாசல். உட்காரக் கதிரை ஒன்றும் இல்லை. தீவில், கரம்பொனில், அவர்கள் குடிபோக இருக்கும் அந்த வீட்டில் கதிரை எங்கிருந்து வரும்? யுத்தத்தில் ஊர் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் கதவு நிலைகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனவர்கள், ஒரு கதிரையை மட்டும் பாவம் பார்த்து விட்டிருப்பார்களா என்ன?

படத்தில் கதிரை ஒன்றும் இல்லையே அக்கா என்று பதில் எழுதினாள். உடனே மறுபதில் வந்தது.

"பிறகு வைப்பீர்தானே."

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றும் போனது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெட்டி கட்டப் போனாள்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து பெட்டி கட்டுவதே அவளுக்கு வேலையாகிவிட்டது. குருநகரில் ஒரு வாடகை வீடு, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. வீட்டுக்காரரின் மகன் வருகிறான், மகளுக்குக் கலியாணம், மாடி கட்டப் போகிறோம். எழும்பச் சொல்ல அவர்களுக்கு என்ன, ஆயிரம் காரணம். நாலு வயது ஷெறின் ஒவ்வொரு புது வீட்டிலும் இரவில் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, எங்கட வீடு எது?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி ஜெனீற்றாவின் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் பிரான்சில் இருக்கும் மாக்கிறேற் அன்ரி, கணவன் றெக்ஷனுக்குச் சித்தி முறையானவள், தன் தகப்பன் பஸ்ரியாம்பிள்ளையின் வீட்டில் போய் இருக்கச் சொன்னபோது, கூரை எப்படி, சுவர் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஓம் என்றாள். "ஒருத்தரும் உங்களை எழும்பச் சொல்லமாட்டினம் பிள்ளை" என்று அன்ரி சொன்ன அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

றெக்ஷன் கடலுக்குப் போகிறவன். பின்னேரம் போனால் விடியத்தான் வருவான், வந்தால் நித்திரை. ஆகவே வீடு மாறுகிற பாடு முழுவதும் அவள் தலையிலும் அவள் போனிலும் விழுந்தது. கரம்பொன் ஆட்களின் பேஸ்புக் குறூப்பில் வெறும் அறைகளின் படங்களைப் போட்டு, லொறி பிடிக்க ஆள் சொல்லுங்கள், கட்டிலை எங்கே போடலாம், அலுமாரியை எந்தச் சுவரில் வைக்கலாம், வீட்டைத் தெரிந்த ஆட்கள் வழி சொல்லுங்கள் என்று எழுதினாள். வேலணையில் இருந்து ஒருவர் லொறி தருகிறேன் என்றார். கனடாவில் இருந்து ஒருவர், வேறெதுவும் பேசாமல், "நீங்கள் யாற்ற ஆக்கள்?" என்று கேட்டார். அந்தக் குறூப்பில் அப்படித்தான். முகத்தைக் காட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள். தகப்பன் பேர், பேரன் பேர் சரியாக வந்தால் போதும், நீ எங்கட பிள்ளை.

கதிரைக் கொமென்ற் போட்ட அந்த ஞானசவுந்தரி முதன்முதல் எழுதத் தொடங்கியபோது ஜெனீற்றாவும் அதையே கேட்டாள். "பஸ்ரியாம்பிள்ளையின்ர மூத்த மகள்" என்று பதில் வந்தது. சரிதான், அந்த வீட்டுப் பிள்ளையே வந்துவிட்டாள். படம் போட வேண்டிய வட்டம் வெறுமையாக இருந்ததை அவள் பெரிதாக எடுக்கவில்லை. வயதுபோன ஆட்களுக்குப் படம் ஏற்றத் தெரியுமா? அவளுடைய கொமென்ற்றுகளுக்கு மற்ற யாரும் பதிலும் போடுவதில்லை, விருப்பும் போடுவதில்லை என்பதைக் கண்டும் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. மேற்குச் சுவரோடு கட்டிலைப் போட்டால் மழைக்கு ஊறும் என்றாள். போய்ப் பார்த்தால் சுவர் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. பிள்ளையின் பாயைக் குசினியில் கிணற்றுப் பக்கமாக விரியும், அங்கேதான் காற்று என்றாள். நின்று பார்த்தால் மெய்யாகவே காற்று வந்தது.

பிறகு கிணற்றுக் கதை வந்தது. இவ்வளவு காலம் ஆள் புழங்காத வீட்டுக் கிணற்றைக் கலக்கி, பழைய தண்ணீர் முழுவதையும் இறைக்காமல் குடிபோகக் கூடாது என்று குறூப்பில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். திரும்பி வந்த சனம் எல்லாம் முதல் வேலையாக அதைத்தான் செய்தது, ஏன் என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஜெனீற்றாவும் இறைப்பு மெசின் வைத்திருக்கும் முருகேசு அண்ணைக்குச் சொல்லி வைத்தாள். அன்று இன்பொக்ஸில் ஞானசவுந்தரி எழுதினாள்.

"இறைக்கவேண்டாம் பிள்ளை. அது நல்லதண்ணிக் கிணறு. அடிமட்டும் இறைச்சால் உப்பு ஏறிவிடும். பிறகு நீர் பிள்ளைக்கு என்னத்தைக் குடுப்பீர்?"

தீவில் இதற்கு மேல் ஒரு சொல் வேண்டுமா? வீட்டில் கிணறு இருந்தும் குடிதண்ணீருக்குத் தண்ணீர்த் தாங்கி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில், நல்லதண்ணிக் கிணற்றை மெசின் வைத்து உறிஞ்சி உவராக்கிய ஆட்களை எத்தனை பேர் திட்டக் கேட்டிருப்பாள். ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். இளநீர்த் தண்ணீர். முருகேசு அண்ணையை வரவேண்டாம் என்றாள். பதமாக இறைத்தால் உப்பு ஏறாது தங்கச்சி, இறைக்காமல் மட்டும் குடிக்காதேங்கோ என்று அவர் போனில் கெஞ்சாத குறையாகச் சொன்னார். பிறகு பார்ப்போம் அண்ணை என்று அவள் மழுப்பிவிட்டாள்.

லொறி வந்த அன்று சாமான் இறக்கிய அவதியில் அவளுக்குத் தலை நிமிர நேரமில்லை. பின்னேரம் தேத்தண்ணி போடக் குசினிக்குள் நுழைந்தபோதுதான் கண்டாள். அவர்களுடைய நீலப் பிளாஸ்ரிக் கதிரை மூலையில் இருந்தது. லொறிப் பொடியங்கள் கையில் அகப்பட்டதைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது கிணற்றடி வாசலைப் பார்த்தபடி இருந்தது. அரக்கி வைப்போம் என்று முதுகுச் சட்டத்தில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

வீடு நல்ல வீடுதான், ஆனால் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானத்தில், பனைக் கூடலில் காற்றும் செத்துப்போய்க் கிடக்கிற அந்த வெயிலில், கிணற்றுக் கப்பி கிரீச்சென்று மெல்ல ஒருமுறை சுற்றும், நிற்கும், பிறகு இன்னொருமுறை சுற்றும். அடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை, கிணற்றுக் கட்டின்மேல் வாளி விளிம்பு தட்ட நிறைந்திருக்கும், கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். கதிரையின் இருக்கையில் ஈரம் தேங்கி நிற்கும். துடைத்தால் பாசி மணக்கும். கூரை ஒழுகுது போல என்றான் றெக்ஷன். மழை பெய்து எத்தனை காலம் என்று அவள் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? ஷெறின் நன்றாக நித்திரை கொண்டாள், அதுதான் காரணம். புது வீட்டில் ஒருநாளாவது எழும்பி அழவேண்டுமே, இல்லை. கோயில் பெருநாளில் வாங்கிய சிவப்புக் காப்பைக் கையில் உருட்டிக்கொண்டு, மூலைப் பக்கம் திரும்பி ஏதாவது கதைத்துக்கொண்டிருப்பாள். சாப்பிடும்போது பெரியம்மாவுக்கும் ஒரு கோப்பை என்று எடுத்து வைப்பாள். எந்தப் பெரியம்மா என்று கேட்டால் சிரிப்பாள். தான் போனில் கதைப்பதைக் கேட்டு விளையாடுகிறாள் என்று ஜெனீற்றா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒருநாள் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "இதுதான் எங்கட வீடு, என்னம்மா?" என்றாள் பிள்ளை. அந்தச் சொல்லுக்காக அவள் எதையும் பொறுப்பாள். பொறுத்தாள்.

ஒருநாள் பொழுதுபட்டு மைமலான நேரம், றெக்ஷன் தொழிலுக்குப் போன பிறகு, பிரான்சிலிருந்து போன் வந்தது. மாக்கிறேற் அன்ரிக்குப் பேஸ்புக் கண்ணிலும் காட்டக்கூடாது, லீவு கிடைத்தால் போன் எடுப்பாள். ஷெறின் குசினியில் பாயில் படுத்திருந்தாள். ஜெனீற்றா சிக்னலுக்காக முன் விறாந்தைக்கு வந்து நின்று, வீடு பிடித்திருக்கிறது என்றாள், தண்ணீர் நல்ல தண்ணீர் என்றாள், உங்கள் அக்கா செய்த உதவியை மறக்கமாட்டேன், எது எங்கே வைப்பதென்று எல்லாம் அவதான் சொன்னவ என்றாள்.

அந்தப் பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"எந்த அக்கா?"

"ஞானசவுந்தரி அக்கா."



"பிள்ளை, கிணறு கலக்கி இறைச்சனீங்கள்தானே?"

"இல்லை அன்ரி. உப்பு ஏறுமெண்டு அவதான்..."

மாக்கிறேற் அன்ரி அழத் தொடங்கினாள். அழுகைக்குள்ளால் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஊர் எழும்பி ஓடின அன்று வழிக்குத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனவள் அக்கா. திரும்பி வரவில்லை. ஏற்றிப்போக வந்த வள்ளம் நிற்கவில்லை. அதற்கு முந்தியெல்லாம் குசினி மூலையில் கதிரையைப் போட்டு, கிணற்றடியைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம், இறங்கிப் போகப் பயமாம்.

"அவவுக்குத் தனிய இருக்க ஏலாது பிள்ளை. நான் சின்னப் பிள்ளை, என்ர விரலைப் பிடிச்சுக்கொண்டுதான் கிணத்தடிக்குப் போவா. அண்டைக்கு மட்டும்தான் தனியப் போனவ. ஷெறின் எங்க? பிள்ளை எங்க?"

கப்பி சுற்றியது.

ஜெனீற்றா உள்ளே ஓடினாள். பாய். பாயில் யாருமில்லை. கதிரை. கதிரையின் கீழ் தண்ணீர். அங்கிருந்து வாசல் வரை ஈரக் காலடிகள். பெரிய காலடி. பக்கத்தில் சின்னக் காலடி. இரண்டும் வெளியே போயிருந்தன.

கையில் போன் அதிர்ந்தது. குறூப்பில் புதுப் படம். ஞானசவுந்தரி போட்டிருந்தாள்.

இருட்டான வட்டச் சுவர், பாசி. நடுவில் மைமல் வானம், ஒரு துண்டு. விளிம்பால் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள் ஷெறின். கீழே இருந்து எடுத்த படம்.

ஓடினாள். கிணற்றுக் கட்டின்மேல் நெஞ்சு அடிபட விழுந்து எட்டிப் பார்த்தாள். ஒருவருமில்லை. வாளி நிறைந்து கட்டின்மேல் இருந்தது. கீழே தண்ணீர் அலுங்காமல் கிடந்தது. சுற்று வளையம் ஒன்றுகூட இல்லை.

"ஷெறின்!"

கிணறு அந்தப் பேரைத் திருப்பித் தரவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. பார்க்கக்கூடாது. பார்த்தாள்.

அதே வட்டம். அதே வானம். விளிம்பில் ஒரு பெண், வாயைத் திறந்தபடி, கையில் போன் வெளிச்சத்தோடு. அவள்தான். இப்போது, இந்த நொடி, இதே சட்டையோடு. படத்தின் மேல் எழுதியிருந்தது: "இனி எனக்குப் பயமில்லை."

படத்தின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஊறி வெளுத்த ஒரு பெரிய கை. அதன் ஒற்றை விரலை இறுக்கிப் பிடித்திருந்தது சிவப்புக் காப்புப் போட்ட ஒரு சின்னக் கை.