தண்ணீர் தேங்காத மனைகள்

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். சொன்னவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். சான்றளவியிடம் கேட்டிருந்தால் எது நடந்தது என்று நொடியில் சொல்லியிருக்கும். இது சான்றளவியைப் பற்றிய கதை என்பதால் கேட்காமல் விட்டுவிட்டேன்.

நிலவுக் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் எல்லா வீடுகளிலும் நடக்கிற முதல் வேலை, நேற்றைச் சரிபார்ப்பது. மாலையில் முதலில் குரலை உயர்த்தியது கணவனா மனைவியா என்று கேட்டால், சுவரில் பதித்திருக்கும் சான்றளவி அவரவர் சொல்வதைக் கேட்டு எடைபோட்டுப் பதில் சொல்லும். மூன்று பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் சொல்வது நடந்தது. இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில், அதிகம் பேசுகிறவர் சொல்வது நடந்தது. பிறகு எல்லோரும் தேநீர்ப் பையில் குழாயைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

நப்பின்னை தனியாக இருந்தாள். அவள் வீட்டில் நேற்று என்பது சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தது. தேநீரைக் குடித்து முடிக்கும்வரை அவளுக்குப் பேச வேண்டிய அவசியமே இருக்காது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் வரலாற்றுத் துறையில் வேலை பார்த்தாள். அங்கே இருந்தது பெரிய சான்றளவி. மனிதர்கள் பூமியைக் காலி செய்தபோது, அதுவரை வலையில் எழுதியது, பேசியது, படம் பிடித்தது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். பூமி மறுபடி வாழத் தகுந்ததாகிவிட்டது என்று தெரிந்ததும், எங்கே போய் இறங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு வரலாற்றுத் துறைக்கு வந்தது. ஓர் இடத்தைப் பற்றி முன்னோர் என்ன சொன்னார்கள் என்று பார்த்தால் போதும் என்பது அவர்கள் முறை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றையே சொன்னால் அதுதான் வரலாறு.

அப்படித் தேர்வானதுதான் மருதம் ஏரிக்கரை நகர். மேலிருந்து எடுத்த கோடைக்காலப் படத்தில் அது பரந்த, வெறுமையான சமவெளி. மழை மாதங்களில் மேகம் மட்டும்தான் தெரிந்தது. பழைய வலையில் அந்த இடத்தைப் பற்றிப் பல ஆயிரம் பதிவுகள் இருந்தன. எல்லாமே ஒரே குரலில் பேசின: மேட்டு மனைகள், சுவையான நிலத்தடி நீர், மழைக்காலத்திலும் தண்ணீர் தேங்காது.

“பேர்லயே ஏரி இருக்கே சார்” என்றாள் நப்பின்னை.

துறைத் தலைவர் குமணன் சிரித்தார். “அதையும் பார்த்தாச்சும்மா. பசுஞ்சோலை நகர்ல ஒரு மரம் கிடையாது. மலைச்சாரல் அவென்யூ பக்கம் எந்த மலையும் இல்ல. இல்லாததைத்தான் அவங்க பேரா வைப்பாங்க. அப்போ இங்க ஏரி இல்லன்னுதானே அர்த்தம்?”

“தண்ணி தேங்காதுன்னு ஏன் சார் இத்தனை பேர் சொல்லணும்? கொடைக்கானல் பத்தி யாருமே அப்படிச் சொல்லல.”

“அந்த அளவுக்கு மேடு. வேற என்ன? இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்லுவாங்களா?”

அவளிடம் இன்னொன்று இருந்தது. ஒரே ஒரு காணொளி. யாரோ ஒருவர் மொட்டை மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்தது. படம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு தரை. அந்தத் தரை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு செருப்பு போயிற்று, பிறகு ஒரு நாற்காலி. எடுத்தவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் ஒருமுறை மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நப்பின்னை அதைப் பலமுறை பார்த்தாள். ஒரு குளியல் பை அளவுக்கு மேல் தண்ணீரைப் பார்த்தறியாதவள் அவள். அது தண்ணீர் என்று தோன்றவே அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.

சான்றளவி அதற்குக் கொடுத்த குறிப்பு சுருக்கமானது. பேச்சு இல்லை. கூற்று இல்லை. எடை இல்லை.

“இதை இன்னும் கொஞ்சம் விசாரிக்கணும் சார். எனக்கு அவகாசம் வேணும்.”

“தாராளமா எடுத்துக்கோ. கப்பல் போயிடும். அடுத்தது நாலு வருஷம் கழிச்சு” என்றார் குமணன். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அவள் வீட்டு விஷயம் தெரியும்.

அவள் தம்பி ஆதனுக்கு அந்தக் கப்பலில் இடம் கிடைத்திருந்தது. அவன் மனைவி பொற்கொடிக்கு ஆறாவது மாதம். பெரியவர்களின் எலும்புக்கு உரமேற்றிப் பூமிக்கு அனுப்பலாம்; கைக்குழந்தைக்கு அது முடியாது. நிலவில் பிறந்துவிட்டால், வளர்ந்து ஆளாகும்வரை நிலவுதான் கதி. பூமியில் பிறந்தால் பூமியின் எலும்பு.

அன்று மாலை ஆதன் வந்தான். அந்த இடத்துக்கு ஒப்புதல் தரும் கையெழுத்தை அவள் போட்டாயிற்றா என்று கேட்கவில்லை. அவள் காணொளியை அவனுக்குப் போட்டுக் காட்டினாள்.

“என்னக்கா இது?”

“தண்ணின்னு நினைக்கிறேன்.”

“இவ்வளவுமா?” அவன் நம்பவில்லை. “பொற்கொடி குழந்தைக்குப் பேர்கூட வச்சிட்டா. மண்ணுல நடக்கப் போறவளாம். நிலமகள்” என்றான்.

நப்பின்னை மறுநாள் கையெழுத்துப் போட்டாள்.

கப்பல் கோடையில் இறங்கியது. எல்லாம் பதிவுகளில் இருந்தபடியே இருந்தது. காய்ந்த, கெட்டியான, சமமான நிலம். நிலமகள் வெயிலில் பிறந்தாள். வீடு எழும்பியதும் ஆதன் வாசலில் நின்று நிலவுக்குப் பேசினான்: “அக்கா, உன் ஏரி எங்க? தேடித் தேடிப் பார்க்கிறேன்.” அவள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

ஐப்பசி வந்தபோது மேகம் மூடியது. நிலவிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியவில்லை. ஆதன் பேசுவது நின்றது. பிறகு மூன்று வருடம் அவன் பேசியதெல்லாம் கோடையில்தான்.

இரண்டாவது கப்பல் புறப்பட வேண்டிய நேரம் வந்ததும், முறைப்படி குடியேறிய எல்லா வீடுகளிடமும் அங்கே தண்ணீர் தேங்குகிறதா என்று கேட்கப்பட்டது. எல்லா வீடுகளும் ஒரே பதிலைச் சொல்லின. தண்ணீர் தேங்குவதில்லை. ஆதனும் அதையே சொல்லியிருந்தான். சான்றளவி முழு எடை கொடுத்தது.

அதே வாரம் ஆதனிடமிருந்து நப்பின்னைக்கு மட்டும் ஒரு காணொளி வந்தது. மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்தது. பழுப்புத் தரை ஒன்று மெல்ல நகர்ந்தது. அதன் மேல் ஒரு தொட்டில் போயிற்று, காலித் தொட்டில். பிறகு கையைத் தட்டிக்கொண்டு ஒரு சின்னக் குழந்தை சிரிப்பது கேட்டது. ஆதன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவள் அதைக் குமணனிடம் காட்டினாள். அவர் முழுவதும் பார்த்தார்.

“உன் தம்பி எழுத்துல என்ன சொல்லியிருக்கான்?”

“தேங்கலன்னு.”

“அப்புறம் என்னம்மா?”

அவள் வாயைத் திறந்தாள். நான் சொல்கிறேன், அங்கே தண்ணீர் நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம். முந்நூறு வீடுகளுக்கு எதிரே ஒரு குரல். அந்தக் கப்பலில் அவளுக்கும் இடம் இருந்தது. அந்தச் சிரிப்பை அவள் கிட்டத்தில் கேட்க விரும்பினாள். வாயை மூடிக்கொண்டாள். கப்பல் கிளம்பியது.

பூமியில் இறங்கிய முதல் மழைக்காலத்தில், முழங்கால் தண்ணீரில் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு தம்பியைக் கேட்டாள். “ஏன்டா அப்படிச் சொன்னே?”

“பக்கத்து வீட்டு வளவன் முதல்ல தேங்கலன்னு சொல்லிட்டாருக்கா. எதிர் வீடும் சொல்லிடுச்சு. நான் மட்டும் தேங்குதுன்னா என்ன ஆகும்? எங்க மனை மட்டும் பள்ளம்னு ஆயிடும்ல?”

“அவங்க வீட்டுலயும் தண்ணி இருந்துச்சே?”

“இருந்துச்சு. கழுத்தளவு. அவர் மாடியில நின்னுதான் சொன்னார்.”

அந்தப் பழைய பதிவுகளில் ஒவ்வொன்றையும் யார், எந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு எழுதியிருப்பார்கள் என்று நப்பின்னைக்குத் தெரிந்துவிட்டது. நாலு வருடம் போய் மூன்றாவது கப்பலுக்காக நிலவிலிருந்து கேள்வி வந்தபோது, அதே படியில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் அவளுக்கும் ஒரு மனை இருந்தது. “தேங்குவதில்லை” என்று சொன்னாள்.

குமணன் ஓய்வு பெற்று அந்தக் கப்பலில் வந்தார். அது கோடை. சுற்றிப் பார்த்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்லம்மா, மேடுன்னு” என்றார். மாடி ஏற முழங்கால் வலிக்கிறது என்று தரைத்தளத்தோடு ஒரு வீடு கட்டிக்கொண்டார். இப்போது வருடத்தில் மூன்று மாதம் ஆதன் வீட்டு மாடியில் இருக்கிறார். ஆதன் தெருமுனையில் இரண்டு படகு வைத்திருக்கிறான். பொற்கொடி மூன்றாவது மாடி எழுப்பிக்கொண்டிருக்கிறாள். நிலமகளின் எலும்பு உறுதியாக இருக்கிறது; நடப்பதைவிட நன்றாக நீந்துகிறாள். நப்பின்னை குடியிருப்பின் பள்ளியில் வரலாறு சொல்லித் தருகிறாள். அந்தப் பள்ளிக்கு மழைக்காலத்தில் விடுமுறை.