'இந்தா' என்று கூப்பிட்ட மனுஷன்

மகேஸ்வரி சோடா பாட்டில் கோலிக்குண்டைப் புருஷனின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இது என்னன்னு சொல்லுங்க. சொல்லிட்டா நான் அக்கா வீட்டுக்குப் போகல. இல்லன்னா இந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்."

பால்பாண்டி குண்டை வாங்கி உள்ளங்கைக்குள் மூடினார். அதில் ஒட்டியிருந்த ஞாபகமணி, கடுகளவுதான் இருக்கும், பச்சையாக மினுங்கியது. அவர் முகத்தில்தான் ஒன்றும் மினுங்கவில்லை.

"கோலிக்குண்டு," என்றார்.

"கோலிக்குண்டுன்னு எனக்குத் தெரியாதா? பம்பரம்னா கேட்டேன்?"

விருதுநகரில் இப்போது ஞாபகமணி ஒட்டாத வீடு கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போன இடத்துப் பஸ் டிக்கெட்டோ, மிட்டாய்க் காகிதமோ, அதில் ஒரு மணியை ஒட்டி இரண்டு பேரும் ஒரு தடவை பிடித்தால் போதும். மண்டைக்குள் கிடக்கும் அந்த நேரத்தை மணி பத்திரப்படுத்திக்கொள்ளும். பிறகு எப்போது தொட்டாலும் மழை வாசனை முதற்கொண்டு திரும்ப வரும். மகேஸ்வரி அப்படி ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். இவர் எதைத் தொட்டாலும் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அழித்துவிட்டார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மணியை அழிக்கிற ஆம்பளைக்கு வெளியே யாரோ இருக்கிறாள் என்றுதான் தெருவில் பேச்சு. பால்பாண்டி, "சத்தியமா இல்ல" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, மணிக் கம்பெனிக்கே போன் போட்டு ஆளை வரவழைத்திருந்தார்.

வந்த பெண் பேர் யாழினி. குண்டைத் தன் கருவியில் வைத்துப் பார்த்தாள். டின்னையும் கவிழ்த்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"சார் எதையும் அழிக்கல ஆன்ட்டி. எல்லாத்தையும் உங்களுக்குக் குடுத்திருக்காரு."

"யாரு, இவரா? ஒரு முழம் பூ வாங்கிக் குடுத்ததில்ல!"

"ஞாபகத்த நகல் எடுக்க முடியாது. கை மாத்தத்தான் முடியும். சாகப்போறவங்க பிள்ளைகளுக்குக் குடுக்கட்டும்னு அந்த வசதிய வச்சோம். மணியக் கையில வச்சுக்கிட்டு 'இந்தா'ன்னு சொன்னா, அடுத்து வாங்குறவங்களுக்குப் போயிரும்." அவள் பால்பாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "சார், ஆன்ட்டிய எப்படிக் கூப்பிடுவீங்க?"

அவர் நெளிந்தார். "எப்படின்னா... இதத் தொட்டதும் ஒரு மாதிரி ஆயிரும். 'இந்தா, இங்க வந்து நீயும் பாரு'ம்பேன்."

யாழினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மணி செய்த அலுவலகத்தில் எல்லோரும் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். 'இந்தா' என்றே கூப்பிடுகிற புருஷனும் இருப்பான் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

மகேஸ்வரிக்கு இப்போதுதான் விளங்கியது. குண்டைத் தொடும்போதெல்லாம் தன் முகமே எதிரில் தெரியும், அதுவும் அத்தனை அழகாக. மணியின் கைவேலை என்று நினைத்திருந்தாள். அது இந்த மனுஷன் கண்ணா? யாழினியிடமிருந்து குண்டை வாங்கி முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஆத்திரம் இரட்டிப்பானது.

"மகேஸ்வரின்னு வாய் நிறையக் கூப்பிட்டா பல்லு கொட்டிருமா? ஏம்மா, திருப்பிக் குடுக்க முடியுமா?"

"முடியும். ஆனா உங்களுதும் அவருதும் ஒட்டிப்போச்சு. திருப்பிக் குடுத்தா உங்களுதும் வேரோட போயிரும். இந்தக் குண்டப் பத்தி இப்பப் பேசினதுகூட நிக்காது."

"போகட்டும். இத்தன வருசமா நான் ஒருத்தியே பேசி ஓஞ்சுட்டேன். இவரு வாயால ஒரு வாட்டி கேக்கணும்."

"வேண்டாம், விடு..." என்றார் பால்பாண்டி.

"இந்தாங்க, பிடிங்க!"

குண்டு அவர் கைக்குப் போனது. அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. யாழினியைப் பார்த்துப் படபடவென்று பேச ஆரம்பித்தார்.

"சாத்தூர் பஸ் ஸ்டாண்டும்மா! கொட்டுது மழை. பன்னீர் சோடா வாங்குனோம். அவளுக்குக் குண்ட அமுக்கத் தெரியல. நான் அமுக்குனேன், பொங்கி அவ சேலையெல்லாம் சோடா. வைவான்னு பாத்தா, மூக்குத்தியில தண்ணி சொட்டச் சொட்டச் சிரிக்கிறா! அந்த மாதிரி ஒரு சிரிப்ப அதுக்கப்புறம் நான் எங்கயும் பாத்ததில்லம்மா."

மகேஸ்வரி தூங்கி எழுந்தவள் மாதிரி விழித்தாள். தன் வீட்டுக் கூடத்தில், யாரோ ஒரு பெண்ணிடம், தன் புருஷன் எவளுடைய சிரிப்பையோ சொல்லிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார். கண்கூட ஈரமாகியிருந்தது.

சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"எவ அவ? இப்பவே பேரச் சொல்லுங்க!"