கடிவாய்

ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு ஆப்பிள் இருந்தது. யாரோ ஒரே ஒரு கடி கடித்துவிட்டு, கடித்த பக்கம் உள்ளே பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்கள். வேறு வீடாக இருந்தால் யாரும் அதை இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். இந்த வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாகப் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் கொடுக்கும் அச்சுகளில் பிளாஸ்டரை ஊற்றி, ஊரில் உள்ள பாதிப் பேரின் வாயைத் தன் பின்னறை மேஜைமேல் அடுக்கி வைத்திருப்பவர். முகத்தை மறந்துவிடுவார், பல்லை மறக்கமாட்டார்.

ஆப்பிளை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முன்பற்கள் நான்கும் அடிக்கோலால் கோடு போட்டதுபோல ஒரே மட்டம். இரண்டு பக்கமும் கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் கூர்மையே இல்லை, மழுங்கின தடம். மனைவியின் முன்பற்களில் ஒன்று மற்றொன்றின்மேல் லேசாக ஏறியிருக்கும். அந்தப் பல்லைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தார் மனிதர். அவருடைய கோரைப்பற்களோ ஊசி. தொழில் படித்த காலத்தில் ஆளுக்கு ஆள் தங்கள் வாயையே அச்செடுத்துப் பழகினார்கள். அன்று எடுத்த பிளாஸ்டர் தாடை இன்றும் மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. அடியில் பென்சிலால் அவர் கையெழுத்து.

வீட்டில் இருப்பது இரண்டே வாய். இது மூன்றாவது.

"இந்த ஆப்பிள யாரு கடிச்சது?" என்று கேட்டார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"நீங்கதான். நான் என்னைக்கு முழு ஆப்பிளக் கடிச்சிருக்கேன்? வெட்டித்தானே சாப்பிடுவேன்" என்றாள் மனைவி, தலை வாரிக்கொண்டே.

"நான் கடிக்கல."

"அப்ப ஃபிரிட்ஜே கடிச்சிருக்கும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்ததாக அவருக்குப் பட்டது.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் இவர் கிளினிக் கிளினிக்காக அலைந்து அச்சு வாங்கிவரக் கிளம்பிய பிறகு, அவள் வேலைக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி இத்தனை வருஷமாக அவர் யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தார். அன்று அவர் கிளினிக் பக்கமே போகவில்லை. அவள் கிளம்பிப் போனதும் ஆப்பிளின் கடிவாயில் எண்ணெய் தடவி, பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றினார். காய்ந்து கையில் வந்தபோது நான்கு முன்பற்களும் இரண்டு மழுங்கின கோரைப்பற்களும் அவரைப் பார்த்து இளித்தன. அதைத் தன் பிளாஸ்டர் தாடைக்குப் பக்கத்தில் வைத்தார். கண்டிப்பாக வேறு ஆள்.

அன்றிலிருந்து வீட்டைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார். தேடுகிறவனுக்குக் கிடைக்காமலா போகும்? அடுத்த வாரம் ஒரு பிரெட் துண்டு கிடைத்தது. அதன்பின் வெண்ணெய்க் கட்டியின் ஓரத்தில் ஒரு தடம். டெலிபோன் பக்கத்தில் கிடந்த பென்சிலின் தலையில் ஒன்று. எல்லாவற்றிலும் அதே மட்டமான நான்கு, அதே மழுங்கின இரண்டு. எல்லாவற்றையும் பிளாஸ்டரில் வார்த்துப் பரணில் ஒளித்து வைத்தார். வேலை தேங்கியது. ஒரு கிழவர் பல்செட் இல்லாமல் மூன்று வாரமாகக் கஞ்சியே குடித்துக்கொண்டிருப்பதாக டாக்டரம்மா போனில் சத்தம் போட்டார்.

யார் என்பதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. மருந்துக் கடையில் அவளோடு கவுண்டரில் நிற்கும் பையன், சிரிப்பழகன். பெயர் வைத்ததும் இவர்தான். ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். அந்தப் பயல் ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை இவர் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! தன் பெட்டியில் இருந்த நகையை அடுத்தவள் கழுத்தில் பார்த்ததுபோல் இருந்தது. அது எனக்குச் சேர வேண்டியது என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் ஒரு பெரிய சாக்லேட் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"என்ன சார் விசேஷம்?" என்றான் சிரிப்பழகன்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா. கடிச்சுத்தான் பாரேன்."

அவன் கடித்தான். கஸ்டமர் வந்ததும் மிச்சத்தைக் கவுண்டர்மேல் வைத்தான். இவர் அதைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு, பட்டப்பகலில் திருடன்போல் வீட்டுக்கு ஓடிவந்தார். பின்னறையில் விரித்துப் பார்த்தால், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசி நுழையும் சந்து. அவன் இல்லை.

மற்றவனாக இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பான். இவர் எழுந்து ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். நேற்றுவரை அவருடைய சந்தேகத்துக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு விலாசம் இருந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் அவன்தான். தபால் கொண்டுவருகிறவன். மாடி வீட்டுக்காரர். பஸ்ஸில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கொட்டாவி விட்டவன். தெருவில் போகிற வாய்களையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தார். பார்த்தவர்கள் ஒதுங்கினார்கள்.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்திருந்தது, ஹாலில் ஈரத்துணி வாடையும் பின்னறையிலிருந்து வரும் பிளாஸ்டர் வாடையும் கலந்து கிடந்தன. நாற்காலியில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். பாதித் தூக்கத்தில், மிகப் பக்கத்தில், ஈரமான கல்லின்மேல் கல்லை அழுத்தித் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. கரக்... கரக்... கரக்... அவசரமே இல்லாமல், யாரோ சாப்பிட்டு முடித்த திருப்தியில் அசைபோடுவதுபோல். திடுக்கிட்டு எழுந்தார். சத்தம் நின்றது. தாடை இரண்டும் விண் விண் என்று தெறித்தன.

மனைவி அறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"எங்கேருந்து?"

"உங்க வாய்லேருந்துதாங்க. கொஞ்ச நாளாவே கேக்குது. தூங்குறப்போ பல்ல நறநறன்னு கடிக்கிறீங்க."

என்ன சாமர்த்தியமான பதில் என்று நினைத்துக்கொண்டார். தன் பல் தேய்கிற சத்தம் தனக்கே தெரியாமலா போகும், அதுவும் இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு?

நான்கு நாள் கழித்து, அவள் பாத்திரம் கழுவும்போது சட்டைக் கை மேலேறியது. முன்னங்கையில் நீலம் பாய்ந்த ஒரு வளையம். பக்கத்தில் போனார். நான்கு மட்டமானவை. இரண்டு மழுங்கினவை. ஆப்பிளில் பார்த்தது அவள் தோலில்.

"யாரு?" என்றார்.

"யாரா?" அவள் குழாயை மூடினாள். கண் கலங்கியிருந்தது. "நேத்து ராத்திரி நீங்கதாங்க. தூக்கத்துல. நான் கத்துன கத்துல மாடி வீட்ல லைட் போட்டாங்க. நீங்க எழுந்திரிக்கவே இல்ல."

அவர் பின்னறைக்குப் போய்த் தன் பிளாஸ்டர் தாடையை எடுத்துவந்தார். அவள் கையை இழுத்துப் பிடித்து, காயத்தின்மேல் அந்த வெள்ளைப் பற்களைப் பொருத்திப் பார்த்தார். ஊசிக் கோரைப்பற்கள் காயத்தில் எங்கேயும் உட்காரவில்லை.

"பாத்துக்கோ. இது நான் இல்ல. இப்பவாவது சொல்லு."

அவள் தன் கைமேல் வாய் திறந்திருந்த அந்தத் தாடையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அன்றிலிருந்து சின்ன அறையில் படுத்துக்கொண்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தன்மேல் உள்ள பயத்தால் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தாழ்ப்பாளுக்குப் பின்னால் அவள் தனியாக இல்லை என்றுதான் தோன்றியது. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, காதை மரத்தில் ஒட்டவைத்துக் கேட்பார். அப்படியே கண்ணயர்ந்து போவார். அந்த நேரம் பார்த்து வரும் அது. கரக்... கரக்... எழுந்தால் இருக்காது.

சனிக்கிழமை பகலில் அவள் ஒரு பையை அடுக்கி ஹாலில் வைத்தாள்.

"அக்கா ஆறு மணிக்கு வர்றா. அவகூடப் போறேன்" என்றாள். "போகாம இருக்கணும்னா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. டாக்டரம்மாகிட்டப் பேசினேன். உங்க வாய இப்ப ஒரு அச்சு எடுக்கச் சொன்னாங்க. பழச விட்டுடுங்க. எனக்காக, ஒரு தடவ."

அவளை இழப்பது அவரால் முடியாத காரியம். சம்மதித்தார். டிரேயில் அச்சுப் பசையைக் குழைத்து வாய்க்குள் அழுத்தி, எச்சில் வழிய மூன்று நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பிளாஸ்டர் ஊற்றினார்கள். காய முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெடுநாள் கழித்து மனிதருக்கு மனசு இளகியது. நான் முட்டாளாகவே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்.

அச்சைப் பிரித்தார்கள். மட்டமான நான்கு. மழுங்கின இரண்டு. பரணிலிருந்து அவர் இறக்கிவந்த ஆப்பிள் வார்ப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள் அவள். இம்மி பிசகவில்லை.

"பாத்தீங்களா?" அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்கதாங்க. கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சுபோச்சு, அவ்வளவுதான். வேற யாருமே இல்ல. வைத்தியம் பாத்துக்கலாம். அக்காவ வரவேணாம்னு சொல்லிடறேன்."

போன் பண்ண ஹாலுக்குப் போனாள். அவள் காலடியில் ஒரு துள்ளல் இருந்தது.

அவர் மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பழைய தாடை, அடியில் அவர் கையெழுத்து. மறுபக்கம் புதியது. ஒன்றில் அவர் இருந்தார். மற்றதில் அவன் இருந்தான்.

இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறான். பரணில் இல்லை, தெருவில் இல்லை, தாழ்ப்பாளுக்குப் பின்னாலும் இல்லை. வாய்க்குள். இத்தனை நாளும் அவளோடு பேசியது இந்த வாய். அவளை முத்தமிட்டது இந்த வாய். அவளுக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சிரித்தாள். இவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளே, யார் கையென்று நினைத்துப் பிடித்தாள்?

ஹாலிலிருந்து அவள் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "எல்லாம் சரியாயிடுச்சுக்கா."

அவர் அறையின் கதவைச் சாத்தினார். பல்லைத் தேய்க்கும் கைமோட்டாரின் ஸ்விட்சைப் போட்டார். அது ரீங்கரித்தது. கண்ணாடியை நிமிர்த்தி வைத்தார். வாயைத் திறந்தார். அவன் இளித்தான்.

முதலில் எரிந்த எலும்பின் வாடை. பிறகு சூடு. பிறகு வலி என்று ஒன்று எங்கேயோ கத்தியது. கவனிக்கவில்லை. நான்கு. இரண்டு. இன்னும். மேஜைமேல் வெள்ளைத் தூள். அதன்மேல் சிவப்பு.

"என்னங்க? என்ன சத்தம்? கதவத் திறங்க!"

திறந்தார். மார்பு முழுக்க நனைந்திருந்தது. மோட்டார் இன்னும் கையில் சுழன்றுகொண்டிருந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் மனம் விட்டுச் சிரித்தார்.

"போயித்தான்" என்றார். நாக்கு தட்ட அங்கே எதுவும் இல்லை. "இனி நானும் நீயும்தான்."

அவள் கத்தவில்லை. பின்னால் நகர்ந்தாள். பையில் இடறினாள். வாசல் கதவுக்குப் போகும் வழியில் அவர் வந்து நின்றார். சின்ன அறைக்குள் ஓடினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அழுகை கேட்டது.

அவர் அந்த அறைக் கதவின் முன் மண்டியிட்டு, வழக்கம்போல் காதை மரத்தில் வைத்தார். மோட்டாரை நிறுத்தினார். வீடு முழுக்க அமைதி. அவள் விசும்பல் மட்டும்.

பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம்.

கரக்.

அவர் விழித்திருந்தார். வாயில் விரலை விட்டுப் பார்த்தார். உரச ஒன்றுமில்லை.

கரக்... கரக்...

உள்ளே விசும்பல் சட்டென்று நின்றது. "யாரு?" என்றாள் அவள், மிக மெல்ல. அந்தக் கேள்வி அவரை நோக்கி இல்லை. அறைக்குள்ளேயே, வேறு பக்கம் திரும்பிக் கேட்டாள்.

அவர் கதவைத் தட்டினார். இடித்தார். தோளால் மோதினார். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பல் இல்லாத வாயில் அந்தப் பெயர் உருப்படவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. அவள் குரல் மறுபடி வரவே இல்லை. அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். கதவுக்கு அந்தப் பக்கம் இருவர் இருந்தார்கள். இந்தப் பக்கம் அவர் மட்டும் இருந்தார்.