மஞ்சள் குடையோடு போனவள்

"போன்ல யாருடி அது? விடிஞ்சதும் விடியாததுமா துணி காயப்போடற சாக்குல மாடிக்கு ஓடிப் போய்ச் சிரிக்கிறியே... எந்த ஆம்பளைகிட்ட?"

ஒப்டூலியா காபியை வடித்துவிட்டு, தூள் டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். செத்துப்போன அம்மாவின் தங்கக் காதணி வீட்டிலிருந்து மறைந்த நாளிலிருந்து, தம்பி மனைவியின் கண்ணெதிரே எதையும் பூட்டாமல் வைப்பதில்லை அவள்.

மிக்டாலியா ஈரத்துணிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஆம்பளையெல்லாம் இல்லக்கா... அது ஒரு விளையாட்டு. ஒருத்தி பழைய சினிமாவையோ நாடகத்தையோ பத்திக் கேள்வி கேப்பா. மத்தவங்க கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்."

"தலை நரைச்ச பிறகு விளையாட்டாம்! கேட்டியாடா எவேலியோ?"

எவேலியோ ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தான். மனைவியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்கம்மா காதணியை எடுத்து வித்தவளுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுக்கணுமா?" என்றான் மெதுவாக. "நான் துறைமுகத்துக்குக் கிளம்பறதுக்குள்ள அந்தப் போன் அக்கா கையில இருக்கணும். தப்பா ஏதாவது இருந்துச்சு... நீ உங்கம்மா ஊருக்கே போயிடு."

மிக்டாலியா கூடையோடு திரும்பினாள். படியேறினாள்.

கடலோர ஊரான ஹிபாராவின் காலை பால்நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கொடியில் போட்ட விரிப்புகள் காற்றில் உப்பி, புறப்படக் காத்திருக்கும் பாய்மரங்களைப்போல நின்றன. அவற்றுக்கு நடுவே நின்று போனில் அந்த விளையாட்டுக் குழுவைத் திறந்தால் போதும்... மயாமியிலிருந்தும் மாட்ரிடிலிருந்தும் பழைய தோழிகளின் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும். யாரும் அவளைத் திருடி என்று சொல்லாத ஒரே இடம் அது!

இன்று கேள்வி கேட்கும் முறை, கீழ்த்தெருவில் முடி திருத்தும் சொய்லாவுடையது.

"ஏய் பொண்ணுங்களா! பழைய பிரேசில் நாடகம், 'உப்பு மாளிகை'. கடைசிக் காட்சியில கதாநாயகி என்ன பண்றா? தப்பாச் சொல்றவளுக்கு அடுத்த தடவை மொட்டைதான்!"

பதில்கள் குவிந்தன. கல்யாணம்! மாதா கோயிலில் கப்பல் தலைவனோடு கல்யாணம்! ஒருத்தி அந்த வெள்ளை உடையின் சரிகையைக்கூட வர்ணித்தாள்.

பிறகு 'கடல்நாரை' எழுதினாள். கொஞ்ச நாளாகத்தான் குழுவில் இருக்கிறாள். குரல் அனுப்பவே மாட்டாள், எழுத்து மட்டும்தான்.

'கல்யாணமே இல்லை. அவள் குடை பிடித்துக்கொண்டு படகுத்துறைக்குப் போகிறாள். எங்கே போகணும் என்று படகுக்காரன் கேட்கிறான். எங்கே விளக்கு எரியுதோ அங்கே என்கிறாள்.'

குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். "எந்த நாடகத்தைப் பாத்தே நீ?" என்று சொய்லா கேலி செய்தாள்.

மிக்டாலியாவின் கையிலிருந்த தலையணை உறை நழுவியது.

அந்த முடிவு எந்தத் தொலைக்காட்சியிலும் வந்ததில்லை. கடைசிப் பகுதி ஓடிய அந்த அந்திவேளையில் அவர்கள் தெருவில் மட்டும் மின்சாரம் போய்விட்டது. தாயை இழந்த சின்ன நாத்தி யனேலிஸ் காய்ச்சலோடு மடியில் கிடந்து, "அப்புறம் என்ன ஆச்சு அண்ணி? சொல்லுங்க..." என்று அழுதாள். புதுப்பெண்ணாக வந்திருந்த மிக்டாலியா இருட்டில் விசிறிக்கொண்டே தானாக இட்டுக்கட்டிச் சொன்ன முடிவு அது! மறுநாள் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கல்யாணம் என்றபோது, "எங்க அண்ணி சொன்னதுதான் நிஜம்" என்று சண்டை போட்டுவிட்டு வந்தவள் யனேலிஸ். வளர்ந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நாட்டைவிட்டே போனவள்...

மிக்டாலியா கடல்நாரைக்குத் தனியாக எழுதினாள்: 'குடை என்ன நிறம்?'

விரிப்புகள் மெல்லப் படபடத்தன.

'மஞ்சள். நீங்கள் என் நெற்றியில் போட்ட ஈரத்துணியின் நிறம்.'

"எங்கே கொண்டா அதை!" ஒப்டூலியா விரிப்பை விலக்கிக்கொண்டு வந்து போனைப் பறித்தாள். பின்னால் எவேலியோ, தொப்பியோடு. "இதோ பாருடா! யாரோ குரல் அனுப்பியிருக்காங்க. இப்பத் தெரியும் வண்டவாளம்!" என்று தானே அழுத்தினாள்.

ஒரு பெண்ணின் அழுகை எழுந்தது.

"அண்ணி... நான்தான், உங்க யனேலிஸ். மொண்டெவிடியோல இருக்கேன். தினமும் காலையில உங்க சிரிப்பைக் கேக்கத்தான் இந்தக் குழுவுல சேந்தேன்... அம்மாவோட காதணியை நான்தான் அண்ணி எடுத்தேன். பயணத்துக்கு வித்துட்டேன். பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்கன்னு இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அண்ணன்கிட்ட பேசுவேன்?"

ஒப்டூலியா போனை மெல்லத் தாழ்த்தினாள்.

எவேலியோ கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நீதான் வித்தேன்னு சொன்னே... என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னியே மிக்டாலியா! ஏன்?"

"எம்மேல கோவப்பட்டா, திட்டிக்கிட்டாவது நீ என்கூட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுவே." அவள் போனைப் பார்த்தாள். "அவமேல கோவப்பட்டா... அவ திரும்பி வர்றதுக்கு வீடு ஏது, எவேலியோ?"

அவன் முகம் குழந்தையின் முகம்போலக் கோணியது. அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "நான் பாவி... உன்னை என்னென்ன சொல்லிட்டேன்..." காற்று ஒரு விரிப்பைக் கொண்டுவந்து இருவரையும் சேர்த்துப் போர்த்தியது.

பிறகு அவன் அக்காவிடமிருந்து போனை வாங்கினான். கடல்நாரையின் மஞ்சள் குடைப் பதிலையும், குழுவில் ஓடிக்கொண்டிருந்த கேலியையும் படித்தான். குழுவுக்குக் குரல் அனுப்பும் பொத்தானை அழுத்தினான்.

"நான் மிக்டாலியாவோட புருஷன் பேசறேன். அன்னிக்குத் துறைமுகத்துல கரண்ட் இருந்துச்சு. கடைசிக் காட்சியை நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். கல்யாணம் கிடையாது. மஞ்சள் குடை, படகு... அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி." கொஞ்சம் நிறுத்தினான். "எங்க வீட்ல விளக்கு எரியுது, சின்னவளே. வா."

மிக்டாலியா கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். "நிஜமாவே பாத்தியா?"

"பாத்தேன். கல்யாணந்தான்." ஈரக் கண்ணோடு சிரித்தான். "மட்டமான முடிவு."

சொய்லாவின் குரல் வந்து விழுந்தது: "ஐயையோ, அப்ப நமக்கெல்லாம் மொட்டையா! வெற்றி கடல்நாரைக்குத்தான்!"

ஒப்டூலியா படியிறங்கிப் போனாள். சற்று நேரத்தில் புதுக் காபியின் மணம் மாடிவரை ஏறி வந்தது. மிக்டாலியா பழக்கதோஷத்தில் காது கொடுத்துக் காத்திருந்தாள்.

அலமாரி பூட்டும் சத்தம் கேட்கவே இல்லை.