வரியின் கீழ் பச்சைப் புள்ளிகள்

நேற்று மாலை அவள் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டுப் போன வரியின் கீழே இன்று வரிசையாகப் புள்ளிகள் இருந்தன. பச்சை மையில், கோல் வைத்தது போல நேராக. அச்சுப்படி திருத்துகிறவர்களின் வழக்கம் அது: அடித்தது தவறு, அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்றால் கீழே புள்ளி வைப்பார்கள்.

அந்த வரி இதுதான்: ‘அவளுடைய கடைசி மூச்சு வரை அவள் கையை நான் விடவே இல்லை.’

அம்மா இறந்த அன்று அப்பா அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் வரும் வரி. ஊரே பெரியவர் என்று கூப்பிட்ட, இருபது வருடம் அமைச்சராக இருந்த அப்பா. அவர் போய் மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் அவருடைய குடும்பக் கடிதங்கள் புத்தகமாகின்றன. அண்ணனுக்குக் கட்சியில் அவருடைய இடம் வேண்டும். அதற்கு ஊர் நினைத்து உருக ஓர் அழுத தகப்பன் வேண்டும். அவருடைய கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் படி திருத்தும் வேலை அவள் தலையில் விழுந்தது.

அம்மாவின் கையைப் பிடித்திருந்தது அவள். பதினோரு மணி நேரம், ஆஸ்பத்திரியின் ஆடும் ஸ்டூலில், அந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் குளிர்வதை எண்ணிக்கொண்டு. எல்லாம் முடிந்த பிறகு அப்பா வந்தார், கூடவே புகைப்படக்காரரும். ஏழு நிமிடம் நின்றார். போகும்போது அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “எழுதறதுக்குப் பேப்பர் ஏதாவது இருக்கா?”

துக்கத்துக்கும் வரைவு போடுகிற மனிதர். அவள் படி திருத்திய அவருடைய அறையில், அவர் மேசையில் அந்த வரைவுகள் கட்டாகக் கிடந்தன. தன் தாயின் மரணத்துக்கு எழுதியதன் ஓரத்தில் பச்சைக் குறிப்பு: ‘கண்ணீர் இரண்டு முறை வந்துவிட்டது. ஒன்றை எடு.’ தம்பி இறந்ததற்கு: ‘இன்னும் உருக்கம் வேண்டும்.’ அம்மாவின் மரணத்துக்கு எழுதிய முதல் வரைவில் ‘நான் தாமதமாக வந்தேன்’ என்று இருந்தது. ஆயுளில் எழுதிய ஒரே உண்மை. அதையும் எழுத்துப்பிழையைப் போல அடித்திருந்தார்.

அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“நீ இங்க வந்தியா? படியில புள்ளி வச்சிருக்கு.”

“அழைப்பிதழ் வேலையே தலைக்கு மேல கிடக்கு, நான் எங்க வர்றது? எந்த வரி?”

படித்துக் காட்டினாள்.

“அடிப்பாவி, இதையா அடிச்ச? புத்தகத்தோட உயிரே அதுல இருக்கு. அந்த ஒரு வரியால உனக்கு என்ன குறைஞ்சு போச்சு, பாப்பா?”

“நான் குறைஞ்சு போயிட்டேன். அங்க இருந்தது நான்.”

“இருந்த, யாரு இல்லன்னா? நீ இருந்தன்னு போட்டா எவன் காசு குடுத்து வாங்குவான்?” சிரித்தான். “நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வருவாரு. ஒழுங்கா குடுத்து அனுப்பு.”

“அப்பாவோட பச்சைப் பேனா யார்கிட்ட இருக்கு?”



“என்ன கேள்வி இது? நீதானே அவரு சட்டைப் பையில குத்தி விட்ட. அதோடதானே மண்ணுக்குள்ள வச்சோம்.”

போனை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மேகம் கூடியிருந்தது. அவர் போனதிலிருந்து பூட்டிக் கிடந்து நேற்றுதான் திறந்த அறையில் தூசியும் பழைய காகிதமும்தான் மணக்க வேண்டும். ஆனால் மேடைப் பேச்சுக்குத் தொண்டை கட்டாமலிருக்க அவர் நாள் முழுவதும் வாயில் போட்டுக்கொள்ளும் இருமல் மிட்டாயின் யூகலிப்டஸ் நெடி, ஈரமாக, யாரோ இப்போதுதான் பக்கத்தில் மூச்சு விட்டதைப் போல அவள் கழுத்தோரம் பரவியது.

“செத்தும் விளம்பர ஆசை விடலையா உங்களுக்கு?” என்று சத்தமாகவே கேட்டாள். பென்சில் முனை உடையும்வரை அந்த வரியை அடித்தாள். படியை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, கீழே போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள்.

புள்ளிகள். மை காயவில்லை. தொட்ட விரல் பச்சையானது. ஓரத்தில் ஒரு சொல்லும் சேர்ந்திருந்தது: ‘இருக்கட்டும்.’

எங்கோ ஒரு சின்னச் சத்தம். டிக். பொய்ப்பல்லில் மிட்டாய் உருளும் சத்தம். டிக். அவருடைய நாற்காலிப் பக்கமிருந்துதான். ஆனால் அந்த நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் அந்த வரி அச்சாகிவிடும். பென்சிலைச் சீவி, அதற்கு மேலே எழுதினாள்: ‘நான் தாமதமாக வந்தேன். கையைப் பிடித்திருந்தவள் மகள்.’

“இத அடிங்க, பாக்கலாம்.”

சத்தம் நின்றது.

வேண்டிய சொல் கிடைத்துவிட்டால் அவர் மிட்டாயை உருட்டுவதை நிறுத்துவார். அது அவளுக்குத் தெரியும்.

வரைவுக் கட்டின் மேல் ஒரு தாள் இருந்தது. முன்பு இல்லாத தாள். இன்றைய தேதி.

‘அன்பு மகனுக்கு, உன் தங்கை இன்று மாலை மணி       க்கு நம்மைப் பிரிந்தாள். அவளுடைய கடைசி மூச்சு வரை அவள் கையை நான் விடவே இல்லை.’

ஓரத்தைப் பார்த்தாள். குறிப்பில்லை. அடித்தல் இல்லை. முதல் முறையாக அவருக்குத் திருத்த எதுவும் இருக்கவில்லை.

அப்போதுதான் இடது கை நினைவுக்கு வந்தது. மேசைக்கு அடியில், மடியில் வைத்திருந்த கை. மரத்துப் போயிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

யாரோ அதைப் பிடித்திருந்தார்கள்.

குளிர்ந்த பிடி. நடுவிரலில் பேனாக் காய்ப்பு. கைபிடிக்கத் தெரியாத கை. படம் எடுத்து முடியும்வரை தொண்டர்களின் கையைப் பிடித்திருந்த அதே பிடி.

இழுத்தாள். வரவில்லை.

வலது கையால் அந்த வரியை அடித்தாள். கீழே ஒரு புள்ளி முளைத்தது. மறுபடி அடித்தாள். இன்னொன்று. அடித்தாள். இன்னொன்று. அவளுடைய சுண்டுவிரல் குளிர்ந்தது. பிறகு மோதிர விரல்.

கீழே வாசல் மணி அடித்தது.

“அச்சகத்துலருந்து வந்திருக்கேன், அம்மா! படி ரெடியா?”

வாயைத் திறந்தாள். யூகலிப்டஸ் நெடி உள்ளே போனது. குரல் வெளியே வரவில்லை.

தாளில், ‘மணி’க்கு அடுத்த வெற்றிடத்தில், பச்சை மை மெதுவாக ஊறி, ‘நான்கு’ ஆகிக்கொண்டிருந்தது. நடுவிரலும் குளிர்ந்தது. பிடி தளரவே இல்லை.